முதலில் மூச்சு, கடைசியில் கால்

அடிபட்ட நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடிவருகிறவர்கள் பெரும்பாலும் காலைத்தான் காட்டுவார்கள். “கால் மட்டும்தான் டாக்டர், வேற எங்கயும் அடி இல்ல.” கால் தொங்குகிறது, தொட்டால் குட்டி அலறுகிறது, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் கைதேர்ந்த மருத்துவர் அந்தக் காலைத் தொடவே மாட்டார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். விலா ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணுவார். பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி தேடுவார். “காலை அப்புறம் பாத்துக்கலாம்மா” என்று அவர் சொல்லும்போது கொண்டுவந்தவருக்கு எரிச்சல்கூட வரும்.

அவர் செய்வதுதான் சரி. உடைந்த காலோடு ஒரு குட்டி இரண்டு நாள் இருந்துவிடலாம். நெஞ்சுக்குள் காற்று கசிந்துகொண்டிருந்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதோடு, நாய்க்குட்டியைச் சிறிய நாய் என்று எண்ணி மருத்துவம் பார்க்க முடியாது. அதன் எலும்பு, கல்லீரல், ரத்த ஓட்டம் எல்லாம் இன்னும் பாதி வேலையில் இருக்கின்றன. அடிபட்ட முதல் சில மணி நேரத்துக்கு அந்த முற்றாத உடல்தான் அதற்கு எதிரி. பிழைத்துவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்கு அதே உடல்தான் துணை. அதற்கும் பிறகு, எலும்பு கூடிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்த வேளையில் மறுபடி தொல்லை கொடுக்கக்கூடியதும் அந்த வளர்ச்சியேதான்.

குட்டிகள் அடிபடும் விதங்கள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. மழைக்காலத்தை ஒட்டித் தெருநாய்கள் குட்டி போடுகின்றன. நிறுத்திய காரின் அடியில், சூடு ஆறாத என்ஜினுக்குக் கீழே குட்டிகள் சுருண்டு படுக்கின்றன. காலையில் வண்டி பின்னால் நகர்கிறது. வீட்டுக் குட்டியென்றால் கட்டிலிலிருந்து குதித்தது, கதவிடுக்கில் மாட்டியது, இருட்டில் யாரோ மிதித்தது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நழுவியது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, மேற்கு வங்கத்தில் 7 இடங்களில் 5 ஆண்டுகள் தெருநாய்களைக் கணக்கெடுத்து 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் ஏறத்தாழ 19 சதவீதம்தான் இனப்பெருக்க வயதைத் தொட்டன. இறப்புகளில் 63 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் நேர்ந்தவை. நம் தெருக்களில் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடும் என்று நான் நம்பவில்லை.

இரண்டு கிளாஸ் ரத்தம்

மூன்று மாத வயதும் 3 கிலோ எடையுமுள்ள நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாய்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 80 முதல் 90 மில்லிலிட்டர் ரத்தம் உண்டு. அப்படியானால் இதன் உடம்பு முழுவதும் ஓடுவது சுமார் 250 மில்லிலிட்டர். டீக்கடை கிளாஸில் ஊற்றினால் இரண்டு கிளாஸ். அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே உயிர் ஊசலாடத் தொடங்கிவிடும். அந்த ரத்தம் தரையில் சிந்த வேண்டும் என்றுகூட இல்லை. உடைந்த தொடையின் தசைக்குள்ளும், கிழிந்த மண்ணீரலிலிருந்து வயிற்றுக்குள்ளும் வழிந்து தேங்கினால் போதும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

ஈறுதான் காட்டிக்கொடுக்கும். நன்றாக இருக்கும் குட்டியின் ஈறு இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நாட்டு நாய்களில் சிலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழிமையை இழுத்து உள்பக்கம் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால், நிறம் திரும்பத் தாமதமானால், உடல் கை கால்களுக்கும் தோலுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் ‘ஷாக்’ என்பது இந்த நிலையைத்தான். பயந்துபோய்ச் சோர்ந்து கிடப்பதுபோல் குட்டி அமைதியாக இருக்கும். “அழுகையை நிறுத்திடுச்சு, வலி கொறஞ்சிருக்கும்போல” என்று வண்டியில் வரும்போது ஆறுதல்படுகிறவர்கள் உண்டு. அந்த அமைதிதான் மருத்துவரை ஓட வைக்கும்.

டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். ஆனால் ரத்தம் குறைந்த குட்டியின் ரத்தக் குழாய்கள் சுருங்கி நூலாகிவிடும். எவ்வளவு தேடினாலும் நரம்பு கிடைக்காது. அந்த நேரத்தில் எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கிவிடுகிறார்கள். உடையாத தொடை எலும்பின் மேல்முனை வழியாகவோ முன்னங்காலின் மேலெலும்பு வழியாகவோ மஜ்ஜைக்குள் போகும் நீர் சில விநாடிகளில் இதயத்துக்கு வந்துவிடும். வளர்ந்த நாயின் கெட்டி எலும்பில் இதற்குத் துளைக்கும் கருவி தேவைப்படும். குட்டியின் எலும்பு இளசாக இருப்பதால் சாதாரண ஊசியே இறங்கிவிடும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதில் மருத்துவம் தன் மனத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஷாக்கில் இருக்கும் நாய்க்குக் கிலோவுக்கு 90 மில்லிலிட்டர், அதாவது உடம்பின் மொத்த ரத்த அளவுக்குச் சமமான நீர் என்பது பழைய பாடநூல்களின் கணக்கு. இப்போது கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை கால் மணி நேரத்தில் ஏற்றி, ஈறையும் நாடியையும் திரும்பப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த தவணை. மொத்தமாக ஊற்றினால் ரத்தம் நீர்த்துப்போய் உறையாது. அப்போதுதான் அடைபட்ட காயங்கள் மறுபடி திறந்துகொள்ளும். அடிபட்ட நுரையீரல் இருந்தால் அதற்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும்.

இதோடு குட்டிகளுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். குட்டிக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், கொழுப்புக் குறைவு. ஷாக்கில் மளமளவென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது, உறையாததால் ரத்தம் மேலும் போகும், போகப் போக உடல் மேலும் குளிரும். அடுத்தது சர்க்கரை. சின்னஞ்சிறு கல்லீரலில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாததால் சில மணி நேரப் பட்டினியிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அதனால்தான் மேசையில் கிடத்தியதும் போர்வையும் குளுக்கோமீட்டரும் சேர்ந்தே வருகின்றன.

நீர் மட்டும் போதாது, ரத்தமே வேண்டும் என்ற நிலை வந்தால் நாய்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மனிதர்களில் ரத்த வகை மாறினால் முதல் முறையே ஆபத்து. நாய்களில் முக்கியமான ரத்த வகைக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் பிறவியில் இருப்பதில்லை. ஆகவே அவசரத்தில் முதல் முறை வகை பார்க்காமலே ஏற்றினாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இரண்டாம் முறைதான் கவனம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய்களுக்கான ரத்த வங்கியே இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் யாராவது ஒரு லாப்ரடாரின் சொந்தக்காரருக்குப் போன் போக வேண்டும்.

விலா உடையாமலே

வளர்ந்த நாயின் மேல் சக்கரம் ஏறினால் விலா எலும்பு உடையும். குட்டியின் விலா பெரும்பாலும் உடைவதில்லை, வளைந்து அமுங்கி நிமிர்ந்துவிடுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உடைந்திருந்தால் எலும்பு வாங்கியிருக்கக்கூடிய அடியை இப்போது நுரையீரல் முழுதாக வாங்குகிறது. எக்ஸ்ரேயில் விலாவெல்லாம் வரிசையாக அழகாக இருக்க, உள்ளே நுரையீரல் கன்றிப்போய் ரத்தம் கோத்திருக்கும்.

இந்தக் கன்றல் உடனே முழுதாகத் தெரிவதில்லை. அடிபட்ட முதல் மணி நேரத்தில் எடுத்த எக்ஸ்ரே ஏறத்தாழ சுத்தமாக இருக்கும். ஒரு நாள், ஒன்றரை நாள் வரை மோசமாகிக்கொண்டே போய் அதன் பிறகுதான் தெளியத் தொடங்கும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அடைத்துக்கொண்டால் விலா இடுக்கில் ஊசி செலுத்தி அந்தக் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். நீலம் பாய்ந்த நாக்கோடு கிடந்த குட்டி, காற்றை எடுத்த சில நிமிடங்களில் தலையைத் தூக்கிப் பார்க்கும். அவசர மருத்துவத்தில் இத்தனை சீக்கிரம் பலன் தெரியும் சிகிச்சை வேறு அதிகம் கிடையாது.

வயிற்றைப் பார்க்க இப்போது ஸ்கேன் இருக்கிறது. வயிற்றில் நான்கு இடங்களில் மட்டும் கருவியை வைத்து, எந்த உறுப்பு எப்படி என்று ஆராயாமல், இருக்கக் கூடாத திரவம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் முறை. மனித விபத்துச் சிகிச்சையிலிருந்து வந்தது. வாகனத்தில் அடிபட்ட 100 நாய்களுக்கு இதைச் செய்து பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில் 45 நாய்களின் வயிற்றுக்குள் திரவம் இருந்தது. கிட்டத்தட்ட பாதி! அந்தத் திரவம் ரத்தமாக இருக்கலாம். கிழிந்த சிறுநீர்ப்பையிலிருந்து வழிந்த சிறுநீராகவும் இருக்கலாம். “ஒன்னுக்குப் போச்சு டாக்டர், அதனால பை நல்லாத்தான் இருக்கும்” என்பது நம்பத்தகுந்த ஆதாரம் அல்ல. சிறிய கிழிசல் இருக்கும்போதே குட்டி சிறுநீர் கழிக்கும்.

இதயமும் தாமதமாகத்தான் முறையிடும். நெஞ்சில் அடிபட்ட நாய்களுக்கு 12 முதல் 48 மணி நேரத்துக்குள் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். தலையில் அடி என்றால் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, கால்களை எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்து 3 முதல் 18 வரை மதிப்பெண் போடுகிறார்கள். கோமா நோயாளிகளுக்கு கிளாஸ்கோவில் உருவான அளவுகோலை நாய்களுக்கு ஏற்ப மாற்றியமைத்த வடிவம் அது. ஒரு முறை போடும் மதிப்பெண்ணைவிட, சில மணி நேரம் கழித்து மறுபடி போடும்போது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஆக, “ஒரு நாள், ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்” என்று மருத்துவர் சொல்வது பணம் பிடுங்க அல்ல. இரவில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவமனைகள் நம் மாநிலத்தில் ஒரு சில பெருநகரங்களைத் தாண்டினால் அரிது என்பதும் உண்மை. அப்படிப்பட்ட ஊரில் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால், தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 40ஐத் தாண்டிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டிலும் வழியிலும்

அடிபட்ட குட்டியைக் கண்டதும் பால் ஊற்றுவது நம் வழக்கம். தெருவில் கூடுகிற நாலு பேரில் ஒருவர் பால் பாக்கெட் வாங்க ஓடுவார். நல்ல மனசுதான், தவறான வைத்தியம். அரை மயக்கத்தில் இருக்கும் குட்டிக்கு ஊற்றும் பாலும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து தேவைப்பட்டால் நிறைந்த வயிறும் ஆபத்து. வெந்நீர்ப் பையை நேராக உடம்பில் வைப்பதும் கூடாது; ரத்த ஓட்டம் குறைந்த தோல் சீக்கிரம் வெந்துபோகும். துண்டில் சுற்றி, பலகையிலோ அட்டைப் பெட்டியிலோ கிடத்தி, முதுகு மடங்காமல் கொண்டுபோனால் போதும். தொங்கும் காலுக்குக் குச்சி வைத்துக் கட்டும் வேலையையும் விட்டுவிடலாம்.

வலியில் இருக்கும் குட்டி, வளர்த்தவரையே கடிக்கும். தெருக்குட்டியின் கடியைக் “குட்டிதானே” என்று விட்டுவிடவே கூடாது. வெறிநாய்த் தடுப்பூசியை நாய்களுக்குப் பொதுவாக மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். அதற்கு முன் தெருவில் பிறந்த குட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

மருத்துவமனைத் தரையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 1978 வாக்கில் உலகுக்குத் தெரியவந்த பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலம் பட்ட இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை, காத்திருக்கும்போது தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருப்பது நல்லது. காலை ஒட்டவைத்த பிறகு பேதியில் குட்டி போன கதைகள் உண்டு.

வலி மாத்திரை விஷயத்தில் கைவைத்தியம் மிகக் கொடிது. வீட்டில் இருக்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றை 3 கிலோ குட்டிக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 160 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. 100ஐத் தாண்டினாலே நாயின் கல்லீரல் கெடலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2006இல் இந்தியா தடை போட்டது. ஆனால் அது நாய்களுக்காக அல்ல. மருந்து ஏறிய மாடுகளின் பிணத்தைத் தின்று பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மாண்டதால். அதற்கு மாற்றாக வந்த மெலாக்சிகாம்தான் இன்று நாய்களுக்கும் பரவலாகப் பயன்படுகிறது. மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கும் ஊரில் கால் உடைந்த குட்டிக்கும் இப்படி ஓர் உறவு. அந்த மெலாக்சிகாமையும் ரத்த ஓட்டம் சீராகும்வரை மருத்துவர் கொடுக்க மாட்டார். ஷாக்கில் இருக்கும் சிறுநீரகம் அதைத் தாங்காது.

அதுவரை வலியை எப்படி அடக்குவது? அபின் வகை மருந்துகள்தான் சிறந்தவை. போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் அவற்றில் பல நம் கிளினிக்குகளில் கிடைப்பதில்லை. எளிதில் கிடைத்துவந்த டிரமடாலை நாயின் உடல், வலி நீக்கும் பொருளாக மாற்றுவது மிகக் குறைவு. மனிதர்களுக்குக் கேட்பதுபோல் நாய்க்குக் கேட்காது. வலி இருந்தால்தான் குட்டி அசையாமல் கிடக்கும், எலும்பு கூடும் என்ற பழைய நம்பிக்கை வேறு இன்னும் முழுதாகப் போகவில்லை. வலியில் கிடக்கும் குட்டி சாப்பிடாது, தூங்காது, புண் ஆறவும் தாமதமாகும். அந்த நம்பிக்கையைக் கைவிட இத்தனை காலம் ஆனதுதான் ஆச்சரியம்.

இனி கால்

இரண்டு நாள் கழிந்து, ஈறு சிவந்து, மூச்சு சீராகி, குட்டி வாலை ஆட்டத் தொடங்கிய பிறகு காலுக்கு வருவோம்.

குட்டியின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் வீட்டாருக்கு முதலில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஒவ்வொரு மூட்டுக்கு அருகிலும் எலும்பு துண்டாகி நிற்பதுபோல் கறுப்புக் கோடு தெரியும். அது உடைசல் இல்லை, வளர்ச்சித் தட்டு. எலும்பு நீளமாவது அந்தக் குருத்தெலும்பு அடுக்கில்தான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாததால் கறுப்பாக இருக்கிறது. எது தட்டு, எது முறிவு என்று தடுமாறாமல் இருக்கவே நல்ல காலையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

குட்டியின் உடம்பில் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரைவிட இந்தத் தட்டு பலவீனமானது. வளர்ந்த நாய்க்கு முழங்கால் நார் அறுந்துபோகும் அதே அடியில் குட்டிக்குத் தட்டு விலகி எலும்பின் நுனி கழன்றுவிடும். இந்த வகை முறிவுகளை கனடாவின் டொராண்டோ நகரில் ராபர்ட் சால்டர், ராபர்ட் ஹாரிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1963இல் ஐந்தாகப் பிரித்தார்கள். அவர்கள் பார்த்தது மனிதக் குழந்தைகளை. கால்நடை மருத்துவர்கள் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஐந்தாவது வகைதான் ஏமாற்றுக்காரன். தட்டு நசுங்கியிருக்கும், விலகியிருக்காது. அன்றைய எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. “எலும்பு உடையல, சுளுக்குதான்” என்று எல்லோரும் மகிழ்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

சில வாரங்களில் பாதம் மெல்ல வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கும். முன்னங்காலில் இரண்டு எலும்புகள் சேர்ந்தே வளர வேண்டும். அவற்றில் பின்பக்கத்து எலும்பு, தன் நீளத்தில் சுமார் 85 சதவீதத்தை மணிக்கட்டுக்கு அருகிலுள்ள ஒரே தட்டிலிருந்து பெறுகிறது. அந்தத் தட்டின் வடிவம் கூம்பாக இருப்பதால் எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் நசுங்கும். பின்னெலும்பு நின்றுவிட, முன்னெலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனால் கால் வில்லாக வளைவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்தான் நாய் மளமளவென்று வளர்கிறது. அந்த நேரத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், வளைவு சிறிதாக இருக்கும்போதே நின்றுபோன எலும்பில் ஒரு துண்டை வெட்டி, வளரும் எலும்பை விடுவித்துவிடலாம். தாமதித்தால் அறுவை சிகிச்சை பெரிதாகும்.

நடு எலும்பில் நேரும் முறிவில் கதை வேறு. அங்கே வளர்ச்சி முழுக்கத் துணை. எலும்பைச் சுற்றியுள்ள உறை குட்டியில் தடிப்பாகவும் ரத்த ஓட்டம் மிகுந்ததாகவும் இருப்பதால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மூன்று நான்கு வாரத்திலேயே எலும்பு கூடிவிடும். அதே முறிவுக்கு வளர்ந்த நாய் இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விதிவிலக்கு, பொமரேனியன் போன்ற சிறு நாய்களின் முன்னங்கால். சோபாவிலிருந்து குதித்தே உடையும் அந்த மெல்லிய எலும்பின் கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு; கட்டு மட்டும் போட்டால் கூடாமலே போகலாம்.

மாவுக்கட்டா, கம்பியா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளை அசையாமல் பிடித்தால்தான் கட்டு பலன் தரும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கீழே உடைந்தால் அது முடியும். தொடை எலும்புக்கு மேலே இருப்பது இடுப்பு மூட்டு. அதைக் கட்டில் அடக்க முடியாது. பாதித் தொடை வரை கட்டினால் கட்டின் பாரமே உடைந்த முனையை ஆட்டிக்கொண்டிருக்கும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர்களிடம் கொண்டுபோவதும் நடக்கிறது. மனிதர்களுக்கு அது எப்படியோ, குட்டியின் தொடைக்கு அதைச் செய்யவே கூடாது என்பேன். காரணம், எலும்பு சீக்கிரம் கூடுகிற அதே வேகத்தில் தசையும் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். காலை நீட்டிவைத்து இரண்டு மூன்று வாரம் கட்டிப்போட்டால் தொடையின் முன்தசை சுருங்கி முறிவோடு ஒட்டி, முழங்கால் மடங்காமல் இறுகிவிடும். எலும்பு கூடியிருக்கும், கால் கட்டையாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் அந்தக் காலை எடுத்துவிட வேண்டிவந்த குட்டிகள் பல. ஆகவே தொடைக்கு உள்ளே கம்பி வைத்து, மறுநாளிலிருந்தே முழங்காலை மெல்ல மடக்கி நீட்டப் பழக்குகிறார்கள். கம்பி வளர்ச்சித் தட்டைக் கடந்து போக வேண்டியிருந்தால் மரையில்லாத வழவழப்பான கம்பிதான். மரை உள்ள திருகாணி தட்டைப் பூட்டி வளரவிடாமல் செய்துவிடும்.

கட்டுப் போட்டாலும் நிம்மதியாக இருக்க முடியாது. இன்று சரியாக இருக்கும் கட்டு, பத்து நாளில் வளர்ந்துவிட்ட காலுக்கு இறுக்கம். வாரம் ஒரு முறையாவது அவிழ்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். கட்டின் அடியில் தெரியும் நடு விரல்கள் இரண்டையும் தினமும் பார்க்கச் சொல்வார்கள். அவற்றின் நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றால் பாதம் வீங்குகிறது என்று அர்த்தம். நாற்றம் அடித்தாலும், குட்டி திடீரென்று கட்டைக் கடிக்கத் தொடங்கினாலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

எலும்பு கூட கால்சியம் டானிக் வாங்கிக் கொடுப்பதும் நம் வழக்கம். குட்டிக்குத் தரமான நாய் உணவு கொடுத்துக்கொண்டிருந்தால் அது தேவையில்லை, கெடுதலும்கூட. வளர்ந்த நாய் வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே மறுத்துவிடும்; ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தத் திறன் இன்னும் சரியாக வரவில்லை. பெரிய இன நாய்களில் கூடுதல் கால்சியமே எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். மறுபக்கம், வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் தின்று வளர்ந்த குட்டி என்றால் கதை தலைகீழ். அதன் எலும்பில் சுண்ணாம்பே ஏறியிருக்காது. முழங்கால் உயரத்திலிருந்து குதித்து எலும்பு மடங்கியது என்றால் விபத்தைவிடச் சோற்றுத் தட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று குட்டியின் மனம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் தங்கள் புத்தகத்தில் காட்டியது, மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலம் என்பது. அந்த வாரங்களில் பார்க்காத மனிதர், கேட்காத சத்தம் பின்னாளில் பயமாகிவிடும். கால் உடைந்த குட்டிக்கு ‘கூண்டில் ஓய்வு’ என்று சொல்லப்படும் ஒரு மாதம் பெரும்பாலும் இந்தக் காலத்திலேயே வந்து விழுகிறது. கூண்டைப் பின்கட்டில் வைக்காமல் ஆள் நடமாட்டம் உள்ள கூடத்தில் வைப்பது, மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்து ஆட்டோவையும் குழந்தைகளையும் பார்க்கவிடுவது, தடவியபடியே கொஞ்சம் சோறு ஊட்டுவது எல்லாம் எலும்புக்குத் தொந்தரவில்லாதவை. மருந்துச் சீட்டில் இதை எழுதித்தரும் மருத்துவர்கள் குறைவு. எழுத வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நான்கைந்து வாரத்தில் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்ததும் கம்பியை எடுக்க நாள் குறிப்பார்கள். மயக்க மருந்து எப்படியும் கொடுக்கப்போகிறோமே, கருத்தடையையும் சேர்த்தே முடித்துவிடலாமா என்று அப்போது கேட்பவர்கள் உண்டு. ஆனால் பருவமடையும் முன் கருத்தடை செய்தால் வளர்ச்சித் தட்டுகள் மூடுவது தள்ளிப்போகும். தட்டில் அடிபட்ட கால் கோணலாக வளர இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைத்துவிடும். வீட்டோடு இருக்கப்போகும் நாயென்றால், பத்து மாதமோ ஒரு வருடமோ பொறுத்து, எக்ஸ்ரேயில் தட்டுகள் மூடியதைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். தெருவுக்கே திரும்பப்போகும் குட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அது இன்னொரு முறை கைக்குச் சிக்குமா என்பதே சந்தேகம். கம்பியை எடுக்கும் அன்றே கருத்தடையையும் வெறிநாய்த் தடுப்பூசியையும் முடித்து அனுப்பும் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன்.